உச்சியில் வைத்த எண்ணெய்

உள்ளே போகும்போது யாராவது கண்டுவிட்டால்? காணட்டும். கண்டு என்ன சொல்லப்போகிறார்கள், மாதா கோயிலில் பாட்டுப் படிக்கிற அகஸ்ரீனா கஞ்சாக் கடைக்குள் போனாள் என்றுதானே? சொல்லட்டும். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு முன்பே பலெர்மோவில் இருக்கிற தமிழ்ச் சனம் முழுக்கத் தெரிந்துவிடும். ஆனால் எனக்கு ஏன் சிரிப்பு வருகிறது? பயப்பட வேண்டிய நேரத்தில், பள்ளிக்கூடத்துக்குக் கள்ளமடித்துவிட்டு நிற்கிற பெட்டை மாதிரி ஏன் இருக்கிறது எனக்கு?

மத்திய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் பக்கத்துத் தெருவில், பயணப்பை விற்கும் கடைக்கும் கைத்தொலைபேசி திருத்தும் கடைக்கும் நடுவில் அது இருந்தது. கண்ணாடியில் பச்சையாக ஒரு பெரிய இலை, விரல்களை விரித்துக் காட்டுகிற கை போல. அகஸ்ரீனா எதிர்ப்பக்கத்தில், பஸ்ஸுக்கு நிற்பவளைப் போல நின்றுகொண்டிருந்தாள். அந்தத் தெருவால் பஸ் போவதில்லை.

கிளறா பல்லரோச் சந்தைப் பக்கமிருந்து வேகமாக வந்தாள். அவள் அகஸ்ரீனாவின் கணவன் றொஜரின் அக்கா, அகஸ்ரீனாவுக்கு மச்சாள். அல்பெர்கேரியா வட்டாரத்தில் ஒரே படிக்கட்டில் மேல்மாடியில் அவள், கீழ்மாடியில் இவர்கள். கையில் மீன் பை. பையின் வாயால் ஒரு வால் எட்டிப் பார்த்தது.

"என்னடி, இன்னும் வெளியிலையோ நிக்கிறாய்? நீ உள்ளை போய் சாமானைத் தெரிஞ்சு வைச்சிருப்பாய் எண்டெல்லோ நான் ஓடி வாறன்."

"உங்களோடை போவம் எண்டு நிண்டனான், மச்சாள்."

"மீனோடை போனால் ஏதும் சொல்லுவாங்களோ? மணக்கும்."

"உள்ளை இருக்கிற மணத்துக்கு உங்கடை மீன் தெரியவே தெரியாது."

கிளறா அடக்க முடியாமல் சிரித்தாள். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தார்கள்.

அகஸ்ரீனாவுக்குப் பத்தெந்தே வேண்டும். கார் ஓட்டும் அனுமதிப்பத்திரத்தை இங்கே இருக்கும் தமிழர் எல்லாரும் அந்த இத்தாலியச் சொல்லால்தான் சொல்வார்கள். எழுத்துப் பரீட்சையை அவள் பாஸ் பண்ணிவிட்டாள். சந்தியில் யாருக்கு முதலிடம் என்று கேட்டு, ஒரு சொல்லைப் புரட்டிப்போட்டு ஆளை விழுத்துகிற கேள்விகள் அவை. பஸ்ஸில் படித்தாள். தான் வேலைக்குப் போகும் வீட்டு எசமானி சிஞ்ஞோராவின் துணியை இஸ்திரிப் பெட்டியால் மினுக்கும்போது புத்தகத்தை மேசையில் விரித்து வைத்துப் படித்தாள். அதிலே தேறினாலும் ஓட்டிக் காட்டுவதற்கு மூன்று தவணைகள்தான். மூன்றும் தவறினால் திரும்ப எழுத்துப் பரீட்சையிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு தவறிவிட்டன. முதல் முறை ஏற்றத்தில் கால் நடுங்கிக் கார் நின்றுபோனது. இரண்டாம் முறை கை நடுங்கியதைக் கண்டு, பின்சீட்டில் இருந்த பரீட்சகர், "சிஞ்ஞோரா, ஓரமாக நிறுத்துங்கள், பாவம்" என்றார். அந்தப் 'பாவம்' அவளுக்கு இன்னும் காதுக்குள் இருக்கிறது. மூன்றாவது தவணை அடுத்த கிழமை. இன்னொரு முறை அந்தப் புத்தகத்தைத் தொட அவளால் முடியாது. அது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

ஏன் இவ்வளவு ஆசை? அவள் வேலை செய்யும் வீட்டு முற்றத்தில், சிஞ்ஞோராவின் கணவர் இறந்த நாளிலிருந்து ஒரு சின்னப் பண்டா கார் துணி மூடியபடி நிற்கிறது. 'பத்தெந்தே கிடைத்தால் சாவி உன்னுடையது, ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்துக்கொண்டு போ' என்று சிஞ்ஞோரா சொல்லியிருந்தாள். எங்கே போவாய் என்று றொஜர் கேட்டான். அவளுக்குத் தெரியவில்லை. தெரியாமல் இருப்பதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது. இந்த ஊருக்கு வந்த நாள் முதல் அவள் போன ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. வேலை, கோயில், சந்தை, விசாவுக்காகப் பொலிஸ் தலைமையகமான க்வெஸ்தூரா. ஒரு முறையாவது காரணம் இல்லாமல் ஒரு திருப்பத்தில் திரும்ப வேண்டும்.

எண்ணெய் யோசனை கிளறாவுடையது. அவள் துப்புரவு செய்யும் வீடொன்றில் ஒரு கிழவர் கை நடுக்கத்துக்கு ஓர் எண்ணெய் பாவிக்கிறாராம். கஞ்சாச் செடியிலிருந்து எடுப்பதாம். வெறிக்காதாம், போதை ஏறாதாம். நடுக்கத்தை மட்டும் அடக்குமாம்.

கடைக்குள் வெட்டிய புல்லும் எலுமிச்சைத் தோலும் சேர்ந்த மணம். மேசைக்குப் பின்னால் மூக்குத்தி போட்ட ஓர் இளம்பெண். சட்டையில் நோயெமி என்று பெயர் குத்தியிருந்தாள். கிளறா தன் இத்தாலியனை எடுத்து விட்டாள்: "எண்ணெய். நல்லது. இவளுக்கு. கை, இப்படி, இப்படி." மீன் பையோடு சேர்த்துக் கையை ஆட்டிக் காட்டினாள்.

நோயெமி சிரிக்கவில்லை. மூன்று சின்னப் போத்தல்களை எடுத்து வரிசையாக வைத்தாள். "செடி ஒன்றுதான். பிழிந்த பிறகு எதை வைத்திருக்கிறோம், எதை எடுத்துவிடுகிறோம் என்பதில்தான் வித்தியாசம்," என்றாள்.

முதலாவது ஃபுல் ஸ்பெக்றம். செடியில் இருக்கிற எல்லாம் அதில் இருக்கும், வெறியைத் தருகிற சாமான் உட்பட. ஆனால் அது மிகமிகக் கொஞ்சம், சட்டம் விடுகிற அளவு. இரண்டாவது புறோட் ஸ்பெக்றம். வெறிக்கிறதை எடுத்துவிட்டு மிச்சத்தை அப்படியே விட்டது. மூன்றாவது ஐசோலேற். சிபிடி என்ற ஒரே ஒரு பொருளைத் தூளாகப் பிரித்தெடுத்து எண்ணெயில் கரைத்தது. நிறமில்லை, மணமில்லை.

அகஸ்ரீனா இதைத் தமிழில் சொல்லிக் கொடுத்தாள். கிளறா ஒவ்வொரு போத்தலாகப் பார்த்துத் தலையாட்டினாள்.

"விளங்கிட்டுது. முதலாவது பால். ரெண்டாவது ஆடை எடுத்த பால். மூண்டாவது பால்மா."

"அப்பிடித்தான்."

"பால்மா வேண்டவோ நான் மீனையும் காவிக்கொண்டு இஞ்சை வந்தனான்? பாலை எடு."

"பொறுங்கோ மச்சாள்."

கிளறா பொறுக்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் கரடிக்குட்டி வடிவத்தில் சிவப்பும் பச்சையுமாக இனிப்புகள் இருந்தன. "இது பிள்ளையளுக்கோ?" என்று கேட்டாள். இதுவும் அதுதான், ஆனால் வயிற்றுக்குள் போய்க் கரைந்து வேலை செய்ய ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகும், எப்போது தொடங்கும் என்று சொல்ல முடியாது என்றாள் நோயெமி. "அப்ப பரீட்சை முடிஞ்சு வீட்டை வந்தாப் பிறகுதான் இவள் சாந்தமாவாள்," என்று கிளறா தமிழில் தீர்ப்புச் சொன்னாள். விழுங்குகிற குளிசைகளும் அப்படித்தான். முழங்காலுக்குப் பூசுகிற களிம்பு ஒன்றும் இருந்தது. அதைக் கிளறா மூடியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு, தன் முழங்காலை நினைத்துக்கொண்டு, மெல்ல மூடி வைத்தாள்.

"எப்போது தொடங்குகிறது?" என்று நோயெமி அகஸ்ரீனாவைப் பார்த்துக் கேட்டாள்.

"என்ன?"

"உன் நடுக்கம்."

அகஸ்ரீனா யோசித்தாள். தன் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை ஒருவர் பேசாமல் நிற்பது அவளுக்குப் பழக்கமில்லாதது. பரீட்சகர் பின்கதவை அடித்துச் சாத்துகிறார். அந்தச் சத்தத்தோடு தொடங்குகிறது. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று எழும்பி நிற்கிறது, கோயில் திருவிழாவில் கொடியேறும்போது எழும்புகிற மாதிரி. பிறகுதான் கை. இதை அவளால் இத்தாலியனில் சொல்ல முடியவில்லை. "பயம்," என்று மட்டும் சொன்னாள். சொன்னதுமே அது சரியில்லை என்று பட்டது. ஆனால் கையில் வேறு சொல் இல்லை.

முதல் போத்தலின் மூடியை நோயெமி திறந்து நீட்டினாள். மழை பெய்து ஓய்ந்த புல்வெளி ஒன்று மூக்குக்குள் வந்தது. அதற்குக் கீழே கசப்பு, மிளகு, இன்னும் ஏதோ. அகஸ்ரீனாவுக்கு அந்த மணம் பிடித்துவிட்டது. எல்லாம் இருக்கிற ஒன்று. எதையும் எடுத்து எறியாத ஒன்று. அதை வேண்டும் என்று சொல்ல வாய் உன்னியது. அப்போது வேறொரு கேள்வி வந்தது.

"இதை எடுத்துவிட்டு ஓட்டும்போது பொலிஸ் மறித்து, வாயில் பஞ்சு வைத்துப் பார்த்தால்?"

நோயெமி முதல் போத்தலைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள். "டிசம்பரில் புதுச் சட்டம் வந்திருக்கிறது. முன்பு நீ வெறியில் ஓட்டினாய் என்று காட்ட வேண்டும். இப்போது உடம்பில் இருந்தாலே போதும். இதற்கு நான் பொறுப்பெடுக்க மாட்டேன். இரண்டாவது பெரும்பாலும் பரவாயில்லை. ஆனால் கார் ஓட்டப் போகிறவளுக்கு நான் கொடுப்பதென்றால் மூன்றாவதுதான்."

"மூன்றாவது," என்றாள் அகஸ்ரீனா. சொன்ன வேகத்தில் அவளுக்கே மகிழ்ச்சியாக இருந்தது. றொஜரிடம் கேட்கவில்லை. யாரிடமும் கேட்கவில்லை. மூன்றில் ஒன்றைத் தானே எடுத்தாள்.

"சில துளிகள், நாக்குக்குக் கீழே. கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்கு," என்றாள் நோயெமி. இதையும் அகஸ்ரீனா தமிழில் சொன்னாள்.

தெருவுக்கு வந்ததும் கிளறா நின்றுவிட்டாள். "நாக்குக்குக் கீழை எண்ணெய் விடுறதாம்! கேட்டியேடி கதையை? எண்ணெய் எங்கை வைக்கிறதெண்டே இவையளுக்குத் தெரியாது. நெத்தி சுட்டால் என்ன செய்யிறது? சோதினை எடுக்கப் போற பிள்ளைக்கு என்ன செய்யிறது?"

"உச்சியிலை வைக்கிறது."

"அவ்வளவுதான். சூடு முழுக்க உச்சியிலை நிக்குது. அங்கை வைச்சால்தான் உடம்பு குளிரும். நீ பின்னேரத்திலை மேலை வா. நான் வைச்சு விடுறன்."

அகஸ்ரீனா மறுக்கவில்லை. அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது. எண்ணெய் என்றால் தலைக்கு. அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

போத்தல் கிளறாவின் குசினியில், பருப்புப் போத்தலுக்குப் பின்னால் இருந்தது. றொஜருக்குத் தெரியக்கூடாது என்பதற்காக. வேலை முடிந்து வந்த பின்னேரங்களில் அகஸ்ரீனா மேலே ஏறிப் போனாள். தரையில், கிளறாவின் முழங்கால்களுக்கு நடுவில் முதுகைக் காட்டி இருந்தாள். கிளறா உச்சியைப் பிரித்து, கண்ணாடிக் குழாயால் சொட்டுச் சொட்டாக விட்டு, துணைக்குக் கொஞ்சம் தேங்காயெண்ணெயும் சேர்த்து, உள்ளங்கையால் வட்டமாகத் தேய்த்தாள். தேய்த்தபடியே கதை. "பூசை முடிஞ்சு வெளியிலை நிண்டு எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். அந்தச் செலஸ்ரீனா, உன்னோடை பாட்டுப் படிக்கிறவள், அவளுக்கு வாய் பூட்டேல்லை. 'எங்கடை பாட்டுக் குழுவிலை முதல் கார் ஓடுற பொம்பிளை என்ரை மச்சாள்' எண்டன். நீ என்னைக் கேவலப்படுத்திப்போடாதை, சொல்லிப்போட்டன்."

"இன்னும் எடுக்கேல்லை, மச்சாள்."

"எடுக்கிறாய். எடுத்து என்னைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போறாய். பஸ்ஸிலை இடிபட்டு இல்லை. முன்சீற்றிலை, கால் நீட்டி."

கீழே வந்தால் றொஜர் மூக்கைச் சுளிப்பான். "என்னப்பா, தலை மணக்குது?"

"எண்ணெய் வைச்சனான்."

"எண்ணெய் இப்பிடி மணக்காதே. ஆடு மேய்ஞ்ச காணி மாதிரி மணக்குது."

"அப்ப தள்ளிப் படுங்கோ."

அந்தக் கிழமையில் அகஸ்ரீனா ஓட்டிய ஓட்டத்தை அவளாலேயே நம்ப முடியவில்லை. பழக்குகிற கலோஜெரோ பக்கத்தில் காகிதக் கோப்பையில் கோப்பியோடு இருப்பார். வழக்கமாக அது அவருடைய மடியில் சிந்தும். இப்போது அவர் அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். பலெர்மோ வீதிகளில் கோடுகள் இருக்கின்றன. ஆனால் அவற்றை யாரும் பார்ப்பதில்லை. ஸ்கூட்டர்கள் இரண்டு பக்கத்தாலும் மீன்குஞ்சு மாதிரி வழுக்கிக்கொண்டு வரும். முன்பெல்லாம் அவள் கண்களைச் சுருக்கி, தோளைத் தூக்கி, அந்த நெரிசலிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஓட்டுவாள். இப்போது நெரிசலுக்குள் இடைவெளிகள் தெரிந்தன. ஒரு பஸ் நகர்கிறது, அதற்கும் மரக்கறி வண்டிக்கும் நடுவில் ஒரு கார் அளவு வெளி பிறக்கிறது, அவள் அதற்குள் போகிறாள், வெளி பின்னால் மூடிக்கொள்கிறது. கடற்கரை வீதியான ஃபோரோ இத்தாலிகோவில் கடல் பக்கத்திலேயே ஓடி வந்தது. மூன்றாம் கியரிலிருந்து நாலுக்கு மாற்றியபோது கை தானாகப் போய்த் தானாகத் திரும்பியது. சத்தமாகச் சிரித்துவிட்டாள்.

"என்ன?" என்றார் கலோஜெரோ.

"ஒன்றுமில்லை. கடல்."

"கடலைப் பார்க்காதே, வீதியைப் பார். ஆனால் சிரி. சிரித்தால் நன்றாக ஓட்டுகிறாய்."

பரீட்சைக்கு முதல் நாள் மத்தியானம், சிஞ்ஞோரா நேரத்தோடு விட்டுவிட்டாள். கிளறா சந்தைக்குப் போயிருந்தாள். கதவுத் திறப்பு எங்கே இருக்கும் என்று அகஸ்ரீனாவுக்குத் தெரியும். இன்றைக்கு நானே வைத்துக்கொள்கிறேன் என்று குசினிக்குள் போய்ப் பருப்புப் போத்தலைத் தள்ளினாள்.

கையில் வந்த எண்ணெய் பச்சையும் மண்ணிறமுமாக இருந்தது. மூடியைத் திறந்தாள். மழை பெய்து ஓய்ந்த புல்வெளி.

தேய்க்கும்போது அவள் எப்போதும் முதுகைக் காட்டித்தான் இருந்தாள். போத்தலை ஒரு நாளும் பார்க்கவில்லை. மணத்தை? மணத்தை அறிந்தாள்தான். கிளறாவின் குசினியில் எல்லாமே மணக்கும் என்று விட்டுவிட்டாள். அல்லது அந்த மணம் பிடித்திருந்ததால் கேட்காமல் விட்டாளோ?

கிளறா இரண்டு பைகளோடு கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"மச்சாள், இது எந்தப் போத்தல்?"

"ஏன், எண்ணெய்ப் போத்தல்."

"நாங்கள் எடுத்தது தண்ணி மாதிரி இருந்தது."

கிளறா பைகளை மெல்ல இறக்கி வைத்தாள். தக்காளி ஒன்று உருண்டு மேசைக்குக் கீழே போனது. அவள் அதைப் பார்த்தபடியே சொன்னாள்: "அண்டைக்குப் பின்னேரமே போய் மாத்திப்போட்டன். அந்தப் பெட்டை கேட்டவள், 'மச்சாளுக்கோ?' எண்டு. 'இல்லை, எனக்கு, முழங்காலுக்கு' எண்டன். முழுசு இருக்கேக்கை என்னத்துக்கடி பால்மாவை வைப்பான்? உனக்கு நல்லதைத்தானே வைச்சனான்."

"மச்சாள்! நாளைக்குப் பரீட்சை! இது வாயிலை பிடிபட்டால் என்ன நடக்கும் தெரியுமோ? எடுக்க முதலே பறிச்சுப்போடுவாங்கள்!"

"உச்சியிலை வைச்சது வாயுக்கை எப்பிடியடி வரும்?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? உங்களுக்குத் தெரியுமோ?"

கிளறாவின் முகம் சுருங்கிப்போனது. அவளுக்கும் தெரியவில்லை. அதைப் பார்த்ததும் அகஸ்ரீனாவின் கோபம் பாதியில் நின்றது. போத்தலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு படிகளில் இறங்கினாள். "பொறு, நானும் வாறன்," என்று மேலேயிருந்து குரல் வந்தது.

அல்பெர்கேரியாவின் ஒடுங்கிய சந்துகளில், காயப்போட்ட துணிகளுக்குக் கீழே அவள் கிட்டத்தட்ட ஓடினாள். பொலிஸ் பயம் முதல் திருப்பத்தோடு முடிந்துவிட்டது. அதைவிடப் பெரிய ஒன்று நெஞ்சில் ஏறியிருந்தது. அந்தச் சிரிப்பு? பஸ்ஸுக்கும் மரக்கறி வண்டிக்கும் நடுவில் திறந்த அந்த வெளி? கடல் பக்கத்தில் ஓடி வந்தது? நான் நல்லாக ஓட்டினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, அது ஓட்டம்தானா, இல்லை வெறியா? என் வாழ்க்கையில் நான் பட்ட பெரிய சந்தோசம் இந்தக் கிழமை பட்டது. அது ஒரு செடியினுடையதா?

பத்தெந்தே போனால்கூடப் பரவாயில்லை, இது மட்டும் என்னுடையதாக இருக்கட்டும் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததே அவளைத் திடுக்கிட வைத்தது.

கடையில் நோயெமி ஒருவருக்குக் களிம்பு சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அகஸ்ரீனா போத்தலை மேசையில் வைத்தாள். மூச்சிரைத்தது. "இதை ஒரு கிழமையாக எடுத்திருக்கிறேன். தெரியாமல். நாளைக்குப் பரீட்சை."

நோயெமி போத்தலைத் தூக்கிப் பார்த்தாள். முகம் கடுமையானது. "நாக்குக்குக் கீழே ஒரு முறைக்கு எவ்வளவு?"

"நாக்கில் இல்லை. தலையில்."

"எங்கே?"

அகஸ்ரீனா குனிந்து உச்சியைக் காட்டினாள். பின்னால் வந்து சேர்ந்த கிளறா, மூச்சு வாங்கியபடி, உள்ளங்கையால் வட்டமாகத் தேய்த்துக் காட்டினாள்.

நோயெமி ஒரு கணம் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு பொத்தாமலே சிரித்தாள். "அதுதான் உன் தலைமயிர் இப்படி மினுங்குகிறது! ஒன்றுக்கும் பயப்படாதே. தலைத்தோலால் இரத்தத்துக்குள் எதுவும் போகாது, போனாலும் கணக்கில் வராது. பஞ்சிலும் ஒன்றும் வராது. நீ எடுக்கவே இல்லை என்று வைத்துக்கொள்."

"ஒன்றுமே உள்ளே போகவில்லையா?"

"ஒன்றுமே இல்லை."

"அப்படியென்றால் என் கை ஏன் நடுங்கவில்லை?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? நான் எண்ணெய் விற்கிறவள்."

அகஸ்ரீனா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். உள்ளுக்குள் ஏதோ ஒன்று கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு ஓடியது. சிரிப்பு என்னுடையது. அந்த வெளியைக் கண்டது என் கண். நாலாம் கியருக்குப் போய்த் திரும்பியது என் கை, வெறும் கை. தேங்காயெண்ணெய் வைத்த தலையோடு நான்தான் ஓட்டினேன்.

"என்னடி சொல்லுறாள்?" என்று கிளறா இடித்தாள். அகஸ்ரீனா சொன்னாள். கிளறா தோளை நிமிர்த்தினாள்.

"அப்ப என்ரை கைதான் வேலை செய்திருக்கு."

"ஓம் மச்சாள். உங்கடை கையும்தான்."

அது பொய்யில்லை. அந்தப் பின்னேரங்களில் இன்னொருவரின் மடிக்கு நடுவில் தலையைக் கொடுத்து இருந்தது நல்லாகத்தான் இருந்தது. ஆனால் காருக்குள் கிளறா இருக்கவில்லை.

கிளறா விடுகிற ஆள் இல்லை. இன்னும் பாதிக்கு மேல் இருந்த போத்தலைக் கொடுத்து, அந்த நிறமில்லாத மூன்றாவதை மாற்றி வாங்கினாள். நோயெமி முதலில் ஏலாது என்றாள். கிளறா முழங்காலைக் காட்டினாள், பாட்டுக் குழுவைச் சொன்னாள், கடலைச் சொன்னாள், கடைசியில் வாங்கிவிட்டாள். வெளியே வந்ததும் அதைக் கைப்பைக்குள் பத்திரப்படுத்தி, "நாளைக்கு இவள் சொன்ன மாதிரியே செய்வம், நாக்குக்குக் கீழை. உச்சியிலை வைச்சதுக்கே இப்பிடி ஓடினாய் எண்டால், வாயுக்கை விட்டால் நீ பறப்பாய்," என்றாள்.

பரீட்சைக் காலை காற்றாக இருந்தது. வாகனத் திணைக்களத்துக்கு முன்னால் பயிற்சிக் கார்கள் வரிசையாக நின்றன. ஒரு பெடியன் சிவந்த கண்களோடு இறங்கிப் போனான். அடுத்தது அகஸ்ரீனா. கலோஜெரோ காரின் முன்கண்ணாடியைத் தன் கைக்குட்டையால் தேவையில்லாமல் துடைத்துக்கொண்டிருந்தார். பரீட்சகர் கொஞ்சம் தள்ளி நின்று தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடித்தால் வந்து பின்கதவைத் திறப்பார்.

அகஸ்ரீனா கையைப் பார்த்தாள். நடுங்கியது.

வந்துவிட்டதா, என்றாள் மனதுக்குள். விரல் நுனியில் தொடங்கவில்லை. அவள் இந்த முறை கவனித்தாள். விலாவுக்குள் எங்கோ எழும்பி, தோளால் இறங்கி, முழங்கையைத் தாண்டி வந்தது. ஓட்டிக்கொண்டிருக்கும்போது முன்னால் இடைவெளி திறக்கிற கணத்தில் எழும்புகிற அதே இடம். அதே இடமா? திரும்ப உற்றுப் பார்த்தாள். அதேதான். காருக்குள் அது போவதற்கு வழி இருக்கிறது. கிளச்சுக்குப் போகிறது, கியருக்குப் போகிறது, கண்ணுக்குப் போகிறது. நிற்கும்போது போக இடமில்லாமல் கைக்குள் கிடந்து துடிக்கிறது. போன இரண்டு முறையும் அவள் அதைப் பிடித்து நிறுத்தப் பார்த்தாள். ஸ்ரேறிங்கை விரல் வெளுக்கும்வரை இறுக்கினாள். காலையும் இறுக்கினாள். கார் நின்றுபோனது நடுக்கத்தாலா, அந்த இறுக்கத்தாலா?

கிளறா வேலைக்குப் பிந்துகிறது என்றும் பாராமல் கூட வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டிருந்தாள். அவளுடைய கண் அகஸ்ரீனாவின் கையில்தான் இருந்தது.

"பாத்தியோ, தொடங்கிட்டுது. நான் சொன்னனான். கிட்ட வா." கைப்பையைத் திறந்து போத்தலை எடுத்தாள். கண்ணாடிக் குழாயில் எண்ணெய் தண்ணீரைப் போல ஏறியது. இலையுமில்லை, மழையுமில்லை. "ஆ காட்டு."

அகஸ்ரீனா வாயைத் திறக்கவில்லை.

"கெதியாய், அந்தாள் கதைச்சு முடிக்கப்போறார். இதிலை ஒண்டுமில்லை, அவளே சொன்னவள், பொலிஸுக்கும் பிடிபடாது. ரெண்டு சொட்டு. கடைசித் தவணையடி அகஸ்ரீ, விளையாடாதை."

"தெரியும், மச்சாள்."

"தெரியுமெண்டால் பிறகென்ன? எனக்காக ஒருக்கா."

அகஸ்ரீனா அவளுடைய முழங்காலைப் பார்த்தாள். இந்த மனிசி தனக்காக ஒரு நாளும் ஒன்றும் கேட்டதில்லை. முழங்காலுக்குக் களிம்புகூட வாங்கவில்லை. இரண்டு சொட்டுத்தான். வாயைத் திறந்தால் கிளறா மகிழ்வாள். கை நின்றாலும் நிற்கும். ஆனால் நின்ற பிறகு, அந்த விலாவுக்குள் இருப்பது?

பரீட்சகர் தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

அகஸ்ரீனா தன் கையைக் கிளறாவின் கைமேல் வைத்தாள். அவளுடைய நடுக்கம் இரண்டு கைகளிலும் ஓடியது. போத்தல் மெல்லியதாக அதிர்ந்தது. கண்ணாடிக் குழாயைத் திரும்பப் போத்தலுக்குள் விட்டு, மூடியை மெதுவாகத் திருகினாள்.

"வேண்டாம், மச்சாள்," என்றாள், கலோஜெரோவுக்குக் கேட்காத குரலில். "இந்த நடுக்கம் இருக்கட்டும்."